பிவட் பேரிங்கின் வெளி வளையம் பிரேமுக்குள் சிக்கிக்கொண்டது, எப்படி எடுப்பது?

சரளைப்பாதை: வணக்கம். என் மலைச் சைக்கிளின் ஷாக்கை (அதிர்வுதாங்கியை) கழற்றிவிட்டுப் பின்சட்டத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். முதன்மை பிவட், அதாவது பின்சட்டம் ஆடும் மூட்டு, நறநறவென்றது. பேரிங்குகளை மாற்ற இறங்கினேன். இடப்பக்கம் சமர்த்தாக வந்துவிட்டது. வலப்பக்கத்தில் உள் வளையமும் குண்டுகளும் மட்டும் கொட்டின. துருப்பிடித்த வெளி வளையம் குழிக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் விளிம்பு இருப்பதால் தட்ட இடமில்லை. அலுமினிய பிரேம், பேரிங் எண் 6902.

பழைய செயின்: முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும். பிறகு எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, குழியைச் சுற்றி ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், பிடி தளரும். கார்பன் பிரேமாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சூடு ஆறும் முன், பேரிங்கை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரில், உள்ளே நுழைத்துத் திருகினால் விரியும் வகையைப் போடுங்கள். குண்டுகள் ஓடிய பள்ளம் இருக்கிறதல்லவா, புல்லரின் உதடு அதில் கவ்விக்கொள்ளும்.

சரளைப்பாதை: அண்ணா, புல்லர் கையில் இல்லை. சிறு அரவைக் கருவியால் வளையத்தை அறுத்துவிடலாமா?

பழைய செயின்: அறுக்கலாம், ஆனால் முழுவதும் அறுக்காதீர்கள். எதிரெதிரே இரண்டு கீறல். குழியின் சுவரைத் தொடுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். கடினப்படுத்திய எஃகு என்பதால் கீறலில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் விண்டுவிடும். சுவரில் கீறல் விழுந்தால் பேரிங்கை மாற்றுவதுபோல பிரேமை மாற்ற முடியாது. என்னைக் கேட்டால் புல்லரை இரவல் வாங்குங்கள்.

சரளைப்பாதை: இரவல் வாங்கினேன். சூடும் புல்லரும் சேர்ந்ததும் "டப்"பென்று வந்துவிட்டது! புதியதை ஏற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?

மேட்டுவழி: குழியைத் துணியால் துடைத்து, கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பேரிங்கை அழுத்தி ஏற்ற நீளத் திருகுகம்பி, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள் போதும். அழுத்தம் வெளி வளையத்தின்மேல் மட்டுமே விழ வேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் குண்டுகள் பள்ளத்தில் தழும்பு போட்டுவிடும். புதிய பேரிங் முதல் நாளே கரகரக்கும். 6902க்கு வெளிவிட்டம் 28 மி.மீ., அதைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டை வைத்து அழுத்துங்கள். சாய்ந்து ஏறினால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து நேராக வையுங்கள். கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் குழி தேய்ந்திருக்கிறது என்று பொருள். பேரிங் பிடிப்புப் பசை தேவைப்படும்.

சரளைப்பாதை: செராமிக் பேரிங் போட்டால் நீண்ட நாள் உழைக்குமா?

மேட்டுவழி: வீண் செலவு. பிவட் ஒருபோதும் முழுச் சுற்று சுற்றுவதில்லை, சில பாகைகள் ஆடுகிறது, அவ்வளவுதான். அதற்கு வேகம் வேண்டாம், சுமை தாங்கும் திறன் வேண்டும். கூண்டு இல்லாமல் குண்டுகளை நெருக்கி அடுக்கிய "மேக்ஸ்" வகையை வாங்குங்கள். போல்ட்டுக்கு நடுத்தரப் பிடிப்புள்ள நீல நிறத் திருகுப் பசை. முறுக்குவிசை பிரேம் கையேட்டில் உள்ளபடி. ஷாக்கை மாட்டும் முன் இன்னொரு முறை ஆட்டிப் பாருங்கள்.

சரளைப்பாதை: இரண்டு பக்கமும் மேக்ஸ் வகையைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை.