மனு வாங்கினார்கள், ரசீதும் கொடுத்தார்கள்

மூன்றாம் லைன்:

நாங்கள் இருக்கும் இலங்கை அகதிகள் முகாம் வீடுகளைப் பற்றியும் பக்கத்தில் வந்த அரசு மதுக்கடையைப் பற்றியும் இங்கே எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ஊர்ப் பெயரைப் போடவில்லை. காவிரி பிரிந்து பிரிந்து கடைமடைக்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் 1990-ல் படகேறி வந்தவர்கள். மண்டபம் முகாமில் பதிந்து இங்கே அனுப்பினார்கள். நான் 1993-ல் இந்த மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தேன். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றவர்களில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. அதனால் நான் இன்றைக்கும் சிலோன்காரன். பெயின்ட் அடிக்கிற வேலை. இந்த வட்டாரத்தில் பாதி வீட்டுச் சுவர் நாங்கள் அடித்ததாக இருக்கும்.

எங்கள் சொந்தச் சுவர் பத்துக்குப் பத்து. பக்கத்து வீட்டில் மிளகாய் வதக்கினால் இங்கே தும்முவோம். 2018 நவம்பர் 16, கஜா புயல் அன்று விடியற்காலை எங்கள் வரிசையான மூன்றாம் லைனில் பதினொரு வீட்டுக் கூரை ஷீட் பறந்துவிட்டது. வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வந்து கணக்கெடுத்தார். தார்ப்பாய் வந்தது. சரி, அவசரத்துக்கு அது போதும். ஷீட் எப்போது வரும் என்று கேட்கத்தான் நான் மனு எழுத ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தேன். ரசீது தந்தார்கள். மூன்று வாரம் கழித்து ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம்: முகாம் எங்கள் சொத்துப் பதிவேட்டில் இல்லை. வருவாய்ப் பக்கம் போனேன்: நிதி மறுவாழ்வுத் துறையிலிருந்து வர வேண்டும். அங்கே எழுதினேன்: பொறியாளரிடமிருந்து மதிப்பீடு வரவில்லை. பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். "என்னிடம் யாரும் மதிப்பீடு கேட்கவே இல்லையே தம்பி" என்றார். வட்டம் முடிந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து.

அம்மா கேட்டது இதுதான்: "உந்தக் கடதாசியை எல்லாம் ஆரிட்டக் குடுக்கிறாய், பிள்ளை?" எனக்கும் பதில் தெரியவில்லை.

இப்போது கடைக்கு வருகிறேன். அது கஜாவுக்கு ஒரு வருடம் முன்னால், 2017-ல், முகாம் பாதை தார்ரோட்டைத் தொடுகிற முக்கில் வந்தது. தினம் சாயங்காலம் ட்யூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். நாங்கள் ஆட்சேபித்ததும் ஒரு வாரத்துக்குள் டேப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கூரைக்கு வராத வேகம்! கோயிலுக்கும் கல்வி நிலையத்துக்கும் மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது 2003-ல் போட்ட விதி. ஊர்ப் பள்ளிக்கூடம் தாராளமாகத் தள்ளியிருந்தது. முகாமுக்குள் அங்கன்வாடி இருக்கிறதே என்றேன். "அது பள்ளிக்கூடக் கணக்கில் வராது." பிள்ளையார் கோயில் இருக்கிறதே என்றேன். "அறநிலையத் துறைப் பட்டியலில் இருக்கா?" தென்னங்கீற்றுப் போட்ட பிள்ளையாருக்கு எங்கே பட்டியல். டேப்பைச் சுற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "நீங்க வோட்டரா?"

இல்லை என்றேன். குறித்துக்கொண்டார்.

வெண்ணாற்றங்கரை:

தம்பி, நீ எழுதியிருக்கும் கடை எது என்று எனக்குத் தெரியும். அது உங்கள் முக்குக்கு வருவதற்கு முன் எங்கள் தெருவில் இருபத்து மூன்று நாள் இருந்தது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரல் 1 முதல் அமல். ரோட்டோரத்தில் இருந்த கடைகளையெல்லாம் அவசர அவசரமாக ஊருக்குள் தூக்கி வந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு நெல் கோடவுனைப் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டர் வைத்துவிட்டார்கள். நாங்கள் விடுவோமா? குடத்தையும் விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தோம். வயலில் வேலை இல்லாத கோடை, மேட்டூர் திறக்காத நேரம், எல்லாருக்கும் நாள் இருந்தது. மே தினக் கிராம சபையில் தீர்மானம் போட்டோம். வாக்காளர் பட்டியல் எண் போட்டு நூற்றுச் சொச்சம் கையெழுத்து. தாசில்தார் நேரில் வந்தார், பேசினார், சில நாளில் கடையைத் தூக்கிவிட்டார்கள்.

அன்றைக்குக் கேசரி கிண்டினோம். தூக்கிய கடை எங்கே போகிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நானும்தான்.

அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க வந்த பையன்கள் முகாம் பையன்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் பேசிக்கொண்டதிலிருந்துதான் தெரிந்தது. அதில் நீயும் இருந்தாயோ என்னவோ. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்களிடம் இருந்தது விளக்குமாறு மட்டும் இல்லை, அந்தப் பட்டியல் எண். உங்கள் அம்மாவும் குடத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கிராம சபையில் அவர் கை தூக்கினால் எண்ண மாட்டார்கள்.

அப்புறம் நான் செய்த ஒரே காரியம் தகவல் உரிமை மனு. அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தகவல் கேட்கும் உரிமை குடிமக்கள் எல்லாருக்கும் உண்டு என்கிறது. குடிமக்களுக்கு. அதனால் முகாம்காரர் தன் கூரையைப் பற்றித் தானே கேட்க முடியாது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டு மனு, ஒரே நாளில், ஒன்று கடையைப் பற்றி, ஒன்று வீட்டைப் பற்றி.

கடை மனுவுக்கு 30 நாளுக்குள் பதில் வந்தது. கட்டட வாடகை, தூரம் அளந்த வரைபடம், அனுமதி தேதி, விற்பனைத் தொகை, எல்லாம் பக்க எண் போட்டு. வீட்டு மனுவுக்கு ஒரு தாள்: பிரிவு 6(3)-ன் கீழ் வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. அந்த அலுவலகமும் 6(3) போட்டு இன்னொன்றுக்கு மாற்றியது. கடைசியில் அது முதலில் நான் அனுப்பிய மேசைக்கே திரும்பி வந்தது. மேல்முறையீடு செய்தேன், கூப்பிட்டு விசாரித்தார்கள். கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

கல்லாப்பெட்டி:

நான் அரசு மதுக்கடையில் சேல்ஸ்மேன், வேற ஊர்க் கடை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசு எடுத்தபோது சேர்ந்தவன், இன்னும் தொகுப்பூதியம்தான். இங்கே என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குகிறோம் என்பதையும் மறுக்கப் போவதில்லை, அந்தப் பத்து யார் யாருக்குப் போகிறது என்பது தனிக் கதை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். புது இடம் பார்க்கும்போது மேலே கேட்கிற முதல் கேள்வி வாடகை இல்லை. "எதிர்ப்பு வருமா?" வராத இடம் என்றால் சுடுகாட்டுப் பாதை, ஆற்றுப் படுகை, காலனி, முகாம். நான் பார்த்த வரைக்கும் இந்த வரிசைதான்.

இன்னொன்று. 2022-23-ல் மது வருமானம் 44 ஆயிரம் கோடிக்கு மேல். கல்லாவில் உட்கார்ந்தவனுக்குக் கணக்குப் போடும் பழக்கம் போகாது. ஒரு நாளைக்கு 120 கோடி. முகாம்களுக்கு 2021-ல் அறிவித்தது 317 கோடி. மூன்று நாள் கல்லா.

தலையாரி (ஓய்வு):

முப்பத்தோரு வருடம் வருவாய்த் துறையில் கடைசிப் படியில் இருந்தவன். எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், எனவே கொஞ்சம் மறுப்பு.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது சரியில்லை. 2021 ஆகஸ்ட் 27-ல் சட்டமன்றத்தில் அறிவித்தது 317 கோடியே 40 லட்சம். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அதில் அடக்கம். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடை 1,000-லிருந்து 1,500 ஆனது, மற்றப் பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000. அந்த ஆண்டு நவம்பரில் வேலூரில் அடிக்கல் நட்டார்கள். வீடுகள் எழும்பியும் இருக்கின்றன, நான் போய்ப் பார்த்தேன்.

ஆனால் அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு, யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு, பதில் சொல்கிறேன். இரண்டு கோப்பும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. கடைக்கு அனுமதியும் ஆட்சியர் அலுவலகம், முகாம் நிர்வாகமும் ஆட்சியர் அலுவலகம். விற்கிறவரும் அரசு, உரிமம் கொடுக்கிறவரும் அரசு, மனு வாங்குகிறவரும் அரசு. கடைக் கோப்பில் விற்பனை குறைந்தால் மறுநாள் காலையில் சென்னையிலிருந்து போன் வரும். முகாம் கோப்பில் மேலே கேட்பது தலை எண்ணிக்கை. ஆள் இருக்கிறார்களா, யாராவது வெளியே தங்கினார்களா. கூரை இருக்கிறதா என்பதற்கு அந்தத் தலை எண்ணிக்கைப் படிவத்தில் கட்டமே கிடையாது. நானே எத்தனை தரம் நிரப்பியிருக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்:

நான் கும்பகோணம் பக்கம், இப்போது லண்டன். இங்கே தஞ்சம் கேட்டு வந்தவர்களை ஹோட்டலில் வைக்கிற சண்டை தினமும் செய்தியில். 2019-ல் போட்ட பத்தாண்டு ஒப்பந்தங்களுக்கு 450 கோடி பவுண்ட் என்று நினைத்தார்கள், 1,530 கோடி ஆகும் என்று 2025 மே மாதம் இந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. இங்கேயும் பணம் தண்ணீராகத்தான் போகிறது, ஆள் இருக்கும் அறையில் பூஞ்சை பிடிக்கிறது. இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை.

ஆனால் வெண்ணாற்றங்கரை அக்கா எழுதியதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. இங்கே மதுக்கடை உரிமம் கேட்டால் 28 நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். தகவல் கேட்டும் யாரும் எழுதலாம், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும். நான் வந்த புதிதில் விசாவே உறுதியாகாத காலத்தில் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வழவழா கொழகொழா. ஆனாலும் என் பெயருக்கு வந்தது.

மூன்றாம் லைன்:

அக்கா, வெள்ளை அடித்தது நான்தான். கேசரி மிச்சம் இருந்தால் அப்போதே கேட்டிருப்பேன். உங்கள் மீது கோபம் இல்லை. எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இருந்து, கடையைத் தூக்கி உங்கள் தெருவில் வைத்திருந்தால் நாங்களும் இதையேதான் செய்திருப்போம்.

தலையாரி ஐயா, நீங்கள் சொன்னது சரி. புது வீடு எங்களுக்கும் வந்திருக்கிறது, லின்டல் (வாசல் நிலைக்கு மேல் வரும் விட்டம்) மட்டம் வரை. கம்பி துருப்பிடித்து நிற்கிறது. ஒப்பந்தக்காரர் பில் வரவில்லை என்கிறார், பில் அனுப்பவே இல்லை என்கிறார்கள்.

கடையை 2023 ஜூன் 22 அன்று மூடிய ஐந்நூறு கடைகளோடு மூடிவிட்டார்கள். ஏன் எங்கள் கடை, யார் முடிவு செய்தார்கள், தெரியாது. சந்தோஷம்தான். அந்த ஷட்டருக்குள் இப்போது உரக்கடை. ஆனால் அப்பா சைக்கிளில் நாலு கிலோமீட்டர் போய்க் குடித்துவிட்டு இருட்டில் வாய்க்கால் கரையோடு வருகிறார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று இருந்தேன், எழுதிவிட்டேன்.

லின்டல் விஷயமாக இந்தத் திங்கட்கிழமை மறுபடி போகிறோம். மனு வெண்ணாற்றங்கரை அக்கா பெயரில். ஐயா, அந்தப் படிவத்தின் எண் உங்களுக்கு நினைவிருந்தால் சொல்லுங்கள், அதைப் பெயரிட்டே கேட்டுப் பார்க்கலாம். வருகிறவர்கள் எட்டரைக்கே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் டோக்கன் தரமாட்டார்கள்.