பொருள்: பாழ்ங்கோயில் – கோத்லாந்துக் கட்டுரைக்கு ஒரு சொல்

> “இடிந்த திருச்சபைத் தேவாலயம்” என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். ஸ்வீடனின் கோத்லாந்துத் தீவில் ஆளற்றுக் கிடக்கும் கன் ஆலயத்தை நம் கட்டுரையில் எந்தச் சொல்லால் அழைப்பது என்பதுதானே கேள்வி. திருச்சபை என்பது சமயப் பிரிவு முழுவதையும் குறிக்கும். ஓர் ஊரையும் சுற்றுக் குடிகளையும் ஒரு குருவின் பொறுப்பில் வைக்கும் எல்லையை நம் கத்தோலிக்கர் ‘பங்கு’ என்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் ‘சேகரம்’ வழங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டில் கன் ஆலயம் எழுந்தபோது கோத்லாந்து கத்தோலிக்கத் தீவு. ஆகவே பங்கு ஆலயம் என்பதே சரி.

‘இடிந்த’ என்பதுதான் என்னை உறுத்துகிறது. கன் ஆலயத்தை எவரும் இடிக்கவில்லை. டென்மார்க் ஆட்சியில் (தீவு 1645-இல்தான் ஸ்வீடனுக்குப் போனது) லூத்தரன் சீர்திருத்தம் வந்த பிறகு அந்தச் சிறிய பங்கை அண்டையிலுள்ள லேர்புரோவுடன் இணைத்துவிட்டார்கள். மணி ஓய்ந்தது, கூரை போனது, சுண்ணக்கல் சுவர்களும் கோபுரமும் நின்றன. பாரா, எலிங்ஹெம் ஆலயங்களும் இப்படித்தான் ஆளற்றுப்போயின. அதே தீவில் 90-க்கும் மேற்பட்ட இடைக்கால ஆலயங்களில் இன்றும் வழிபாடு நடக்கிறது என்பதை எண்ணினால் இந்த மூன்றின் தனிமை புரியும். ஸ்வீடிய மொழியில் இவற்றுக்குத் தனிச்சொல்லே உண்டு. ஆளில்லாமற்போன கோயில் என்பது அதன் பொருள்.

பாழ்ங்கிணறு என்கிறோம். அதை யாரும் உடைத்திருக்க வேண்டியதில்லை. நீர் இறைப்பார் இல்லை, அவ்வளவுதான். அந்த வழியில் ‘பாழ்ங்கோயில்’ என்று முன்மொழிகிறேன்.

 

--

> ‘பாழ்ங்கோயில்’ என்று முன்மொழிகிறேன்.

அம்மா, பங்கு ஆலயம் எனக்கும் உடன்பாடு. ஆனால் “பாழாய்ப் போக” என்று வைகிறோமே, வழிபட்ட இடத்துக்கு அந்தச் சொல்லா? மேலும் அதே தீவின் விஸ்பி நகரை 1525-இல் ஜெர்மானிய நகரமான லூபெக்கின் படை தாக்கி எரித்தது. அங்கே சிதைந்தவற்றையும் பாழ்ங்கோயில் என்பீர்களா?

--

விஸ்பிக்கு வேண்டாம், ஐயா. அங்கே ‘இடிபாடு’ என்றே எழுதுவோம். படை புகுந்த கதை அந்தச் சொல்லிலேயே தெரியும். வசவைப் பற்றிச் சொன்னீர்கள். பயிர் ஏறாத நிலத்தைச் சோழர் கல்வெட்டுகள் பாழ் என்றுதான் குறிக்கின்றன, சாபமாக அன்று. ‘முப்பாழ்’ என்ற சித்தர் சொல்லிலும் பாழ் வெறுமையே. கட்டுரைத் தலைப்பில் ‘கன் பாழ்ங்கோயில்’ என்றும், முதல் வரியில் ‘இடைக்காலப் பங்கு ஆலயம்’ என்றும் இடுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.