தந்தையின் பெயரில் பல்கலைக்கழக உதவிநிதி: நிலைநிதியா, சில ஆண்டுகளில் செலவழிப்பதா?

செம்பவாங் மகள்:
வணக்கம். சென்ற ஆண்டு காலமான எங்கள் தந்தையார் கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை செய்துகொண்டே இரவு வகுப்புக்குப் போய்ச் சாதாரண நிலைத் தேர்வில் (உயர்நிலைப் பள்ளி இறுதியில் எழுதும் 'ஓ' லெவல்) தேறியவர். பல்கலைக்கழகப் படி ஏறவில்லை என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. பிள்ளைகள் மூவரும் சேர்ந்து 60,000 வெள்ளி ஒதுக்கி, அவர் பெயரில் இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவ நினைக்கிறோம். முதலைத் தொடாமல் அதன் வருவாயிலிருந்து மட்டும் வழங்கும் நிலைநிதியாக அமைத்தால் அப்பாவின் பெயர் நிலைக்கும் என்கிறார் அண்ணன். தம்பியோ, சிறந்த மதிப்பெண் பெற்றவருக்கு உபகாரச் சம்பளமாக (கல்வி உதவித்தொகையாக) தர வேண்டும் என்கிறான். எனக்கு இரண்டிலும் ஐயம் இருக்கிறது. தமிழ் மாணவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை வைக்கலாமா? அம்மாவின் பெயரில் கொடுத்தால் வரிச்சலுகை உண்டா?

முன்னாள் செயலாளர்:
உங்கள் அண்ணனின் எண்ணம் நல்லதுதான், ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுத்துக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 60,000 வெள்ளியிலிருந்து 2,400 வெள்ளிதான் வரும். அதே தொகையைப் பத்து ஆண்டுகளில் கொடுத்து முடித்தால், முதலீட்டு வருவாயைக் கணக்கில் சேர்க்காமலேயே ஆண்டுக்கு 6,000 வெள்ளி கிடைக்கும். நன்கொடைக்கு ஈடாக அரசாங்கமும் தன் பங்குக்கு இணைநிதி தருமானால் இரண்டு தொகைகளும் உயரும். அதன் விகிதத்தையும், பெயரிட்ட நிலைநிதிக்கான குறைந்தபட்சத் தொகையையும் பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் எழுத்துவடிவில் கேட்டு வாங்குங்கள்.

தமிழருக்கு மட்டும் என்ற நிபந்தனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தகுதியை இறுக்க இறுக்க விண்ணப்பிப்போர் குறைந்து, சில ஆண்டுகளில் பணம் யாருக்கும் போகாமல் கிடக்கும். தமிழுக்காகவே கொடுக்க விரும்பினால் படிப்பை வைத்து வரையறுக்கலாம். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருக்கிறது. பெயர் நிலைப்பது பற்றி ஒன்று சொல்ல ஆசை: 1950களில் 'தமிழ் முரசு' நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெறுவதற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது சிறு தொகை கொடுத்த சாமானியர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அந்தப் பணம் பயன்படாமல் போய்விடவில்லை.

கணக்கர் ஒருவர்:
வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பொதுநல அமைப்புத் தகுதி (நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்க வழிசெய்யும் அங்கீகாரம்) பெற்ற நிறுவனத்துக்கு அளிக்கும் தகுதியுள்ள நன்கொடைக்குத் தற்போது 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. அதாவது 1,000 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 2,500 வெள்ளி குறையும். ஆனால் வருமான வரி கட்டாத ஒருவருக்கு இதனால் பயனில்லை. எனவே ஓய்வுபெற்ற அம்மாவின் பெயரில் முழுவதையும் கொடுப்பதைவிட, வேலை பார்க்கும் பிள்ளைகள் மூவரும் தத்தம் பெயரில் பிரித்துக் கொடுப்பது நல்லது. ஓர் ஆண்டில் தீராத கழிவை அடுத்த ஐந்து ஆண்டுகள் வரை கொண்டுசெல்லலாம். கொடுக்கும்போது அவரவர் அடையாள அட்டை எண்ணைத் தந்துவிட்டால் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு விவரம் தானாகப் போய்ச் சேரும்.

பகுதிநேர மாணவி:
பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படிப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். முழுநேர மாணவர்களுக்குக் குடும்பத்தில் ஆளுக்குச் சராசரியாக வரும் வருமானத்தைப் பொறுத்து அரசாங்க உதவிநிதி இருக்கிறது. மானியம் போக உள்ள கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கடனும், படிப்பு முடியும்வரை வட்டியில்லாமல், கிடைக்கிறது. மதிப்பெண் மிகுந்தவர்களுக்கு உபகாரச் சம்பளம் தரவும் பலர் முன்வருகிறார்கள். தம்பி மன்னிக்க வேண்டும், அந்த வரிசையில் இன்னொன்று சேர்வதால் பெரிய மாற்றம் வராது.

எங்களைப் போன்றோருக்கு எடுக்கும் பாடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே கட்டணம். வீட்டில் ஒருவருக்கு வேலை போனாலோ, முதியவர் நோயில் விழுந்தாலோ, அந்தப் பருவத்தில் பாடத்தைக் குறைத்துக்கொள்கிறோம். படிப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது, சிலர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஒரு பருவத்தின் ஓரிரு பாடங்களுக்கான உதவி அங்கே பட்டத்தையே காப்பாற்றும். இரவு வகுப்பில் படித்த தந்தையாரின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

செம்பவாங் மகள்:
அனைவருக்கும் நன்றி. பகுதிநேர மாணவர்களைப் பற்றி நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டியதும் "அதுதான் சரி" என்று சொல்லிவிட்டார். தம்பியும் ஒத்துக்கொண்டான், அண்ணன்தான் இன்னும் யோசிக்கிறார். பெறுபவரை நாங்களே தேர்ந்தெடுக்க முடியுமா?

முன்னாள் செயலாளர்:
முடியாது, அப்படி இருப்பதும் நல்லதல்ல. தேர்வைப் பல்கலைக்கழகத்திடம் விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்: தகுந்தவர் கிடைக்காத ஆண்டின் தொகை அடுத்த ஆண்டுக்குச் செல்ல வேண்டும், எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற அறிக்கை ஆண்டுதோறும் உங்களுக்கு வர வேண்டும். அண்ணனுக்கும் ஒரு வழி இருக்கிறது. பிற்காலத்தில் குடும்பத்தார் மேலும் பணம் சேர்த்தால் அதை நிலைநிதியாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பிரிவையும் இப்போதே கேட்டுப் பாருங்கள்.