சுற்றுலா, விருந்தோம்பல், சேவைச் சந்தைப்படுத்தல்: மூன்றும் ஒரே பட்டப்படிப்பில் எங்கே இணைகின்றன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சுற்றுலா, விருந்தோம்பல், சேவைச் சந்தைப்படுத்தல் ஆகியவை இணைந்த இளநிலைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். முதலாம் ஆண்டில் பொதுவான மேலாண்மைப் பாடங்களே இருந்ததால் குழப்பம் எதுவும் எழவில்லை. இப்போது ஒரு வகுப்பில் சுற்றுலாத் தலங்களின் வளர்ச்சியையும், அடுத்த வகுப்பில் ஹோட்டல் அறைகளின் விலை நிர்ணயத்தையும், அதற்கடுத்ததில் சேவைத் தரத்தை அளக்கும் வினாநிரல்களையும் படிக்கும்போது, இவை எந்த இடத்தில் ஒன்றுசேர்கின்றன என்பது பிடிபடவில்லை.

எனக்கு ஆர்வம் சந்தைப்படுத்தலில்தான். அந்த வேலைக்குப் போக விரும்பும் ஒருவர் அறைப் பராமரிப்பையும் வரவேற்பு மேசை நடைமுறையையும் ஒரு பருவம் முழுவதும் ஏன் கற்க வேண்டும்? மேலும், பாடத்தில் வரும் கோட்பாடுகளில் பெரும்பாலானவை 1970களிலும் 1980களிலும் எழுதப்பட்டவை. முன்பதிவு, விலை ஒப்பீடு, விமர்சனம் எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்ட இன்று அவற்றை எவ்வளவு ஆழமாகப் படிப்பது? தொழிற்பயிற்சிக்கான பிரிவையும் இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பையும் விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், இத்துறையில் கற்பிப்பவர்களும் பணியாற்றுபவர்களும் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 (இப்பாடத்தைக் கற்பிப்பவர்)

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கான விடை இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

சோப்பை விற்பவர், அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு அதைப் பற்றிப் பேசுகிறார். ஹோட்டலிலோ விமானத்திலோ வாடிக்கையாளர் தொழிற்சாலைக்கு உள்ளேயே வந்து அமர்ந்துவிடுகிறார். பொருள் உருவாகும் நேரமும் அதை அவர் நுகரும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. சிட்டிபேங்க் வங்கியில் பணியாற்றிய லின் ஷோஸ்டாக் 1977-இல், பொருள்களுக்காக உருவான சந்தைப்படுத்தல் முறைகள் சேவைகளுக்குப் போதாது என்று வாதிட்டு எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. 1981-இல் பூம்ஸ், பிட்னர் இருவரும் பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற பழைய நான்குடன் மனிதர்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் சான்றுகள் என்ற மூன்றைச் சேர்த்தனர். அந்த மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். விளம்பரப் பிரிவின் கையில் இல்லை; வரவேற்பு மேசையிலும் அறைப் பராமரிப்பிலும் சமையலறையிலும் இருக்கின்றன. நீங்கள் அப்பாடங்களைக் கற்பதற்குக் காரணம் அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. பிற்பகல் 2 மணிக்கு அறை தயாராக இருக்கும் என்று முன்பதிவை உறுதிசெய்யும் மின்னஞ்சல் சொல்லியிருக்கிறது. விருந்தினர் அதே நேரத்துக்கு வந்துவிட்டார். அறை ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மேற்பார்வையாளர் அதைப் பார்வையிட்டு, கணினியில் அதன் நிலையை இன்னும் மாற்றவில்லை. வரவேற்பு மேசையில் இருப்பவரின் திரையில் அந்த அறை சுத்தம் செய்யப்படாததாகவே தெரிவதால், விருந்தினரைக் காத்திருக்கச் சொல்கிறார். அடுத்த நாள் இணையத்தில் வரும் விமர்சனம் வரவேற்புப் பணியாளரைத்தான் குறை கூறும். விருந்தினர் கண்ணில் பட்ட இடம் ஒன்று, தவறு நிகழ்ந்த இடம் வேறொன்று. இதைக் காகிதத்தில் வரைந்து காட்டத்தான் ஷோஸ்டாக் 1984-இல் சேவை வரைபடம் என்ற முறையை முன்வைத்தார். அதில் விருந்தினர் பார்ப்பதற்கும் பார்க்காததற்கும் இடையே ஒரு கோட்டை இட்டு, அதற்கு மேலும் கீழும் நடப்பவற்றை வரிசைப்படுத்துகிறார்கள். ஒரு பருவம் அறைப் பராமரிப்பு கற்காத மாணவரால் அந்தக் கோட்டுக்குக் கீழே எதையும் வரைய முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இதைப் பார்க்கிறேன்.

பரசுராமன், ஸைதாம்ல், பெர்ரி ஆகிய மூவர் 1985-இல் வெளியிட்ட இடைவெளி மாதிரியில், வெளியே தரப்படும் வாக்குறுதிக்கும் உள்ளே நடக்கும் சேவைக்கும் இடையிலான இடைவெளி தனியாகவே குறிக்கப்படுகிறது. மேற்கண்ட மின்னஞ்சலை எழுதியது சந்தைப்படுத்தல் பிரிவு. அறைகள் எத்தனை மணிக்குத் தயாராகின்றன என்று கேட்காமல் அதை எழுதினால், அந்த இடைவெளியை உருவாக்கியதும் அப்பிரிவே.

சுற்றுலாவுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். ஒரு தலத்தைச் சந்தைப்படுத்தும் அமைப்புக்கு அங்குள்ள அறைகளோ கடற்கரையோ சாலைகளோ சொந்தமல்ல. விலையும் அதன் கட்டுப்பாட்டில் இல்லை. ஆனாலும் வாக்குறுதி தருவது அதுதான். ரிச்சர்டு பட்லர் 1980-இல் விவரித்த சுற்றுலாத் தல வாழ்க்கைச் சுழற்சியை (ஒரு தலம் கண்டறியப்பட்டு, வளர்ந்து, பின் தேங்கும் படிநிலைகளை)ப் படிக்கும்போது, தேக்க நிலைக்கு வந்துவிட்ட ஒரு தலத்துக்கு மேலும் ஆட்களை அழைப்பது சந்தைப்படுத்தலா என்ற கேள்வியுடன் படியுங்கள். தேவையைக் குறைப்பதும் சந்தைப்படுத்தலின் பணியே என்று கோட்லர், லெவி இருவரும் 1971-இலேயே எழுதிவிட்டார்கள். கூட்டத்தால் திணறும் தலங்களுக்கு அந்தக் கட்டுரை இன்று அப்போதைவிட அதிகம் பொருந்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2 (ஹோட்டல் வருவாய் மேலாண்மையில் பணியாற்றுபவர்)

மேலே அம்மையார் விளக்கியதை முழுமையாக ஏற்கிறேன். அவர் தொடாத விலை பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் சந்தைப்படுத்தலில் ஆர்வமுள்ள மாணவர்கள் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும் பாடம் அதுதான்.

இன்றிரவு விற்காத அறையை நாளை விற்க முடியாது. அதனால் மலிவாகவாவது விற்றுவிடலாம் என்று தோன்றும். ஆனால் மலிவாக விற்றுவிட்ட அறை, முழு விலை தரத் தயாராக இருந்தவருக்குக் கிடைக்காமல் போகிறது. பிஓஏசி விமான நிறுவனத்தின் கென் லிட்டில்வுட் 1972-இல் இதற்கு எளிய விதி ஒன்றைத் தந்தார். தள்ளுபடி விலை 60 என்றும் முழு விலை 100 என்றும் வைத்துக்கொள்வோம். மீதமிருக்கும் ஓர் அறையை இன்றே 60-க்குக் கொடுப்பதா, முழு விலை தருபவருக்காக வைத்திருப்பதா? அப்படி ஒருவர் வருவதற்கான நிகழ்தகவு 60 விழுக்காட்டைத் தாண்டினால் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் கொடுத்துவிட வேண்டும். இன்று மென்பொருள்கள் செய்யும் கணக்கின் அடிப்படை இதுவே. ஹோட்டலில் தங்கும் நாள்களின் எண்ணிக்கையும் குறுக்கே வருகிறது என்பதுதான் கூடுதல் சிக்கல்: சனிக்கிழமை ஓர் இரவுக்கு மட்டும் கொடுத்துவிட்ட அறையை, வெள்ளி முதல் திங்கள் வரை தங்க விரும்பியவருக்குத் தர இயலாது.

இது தெரியாமல் திட்டமிடப்படும் விளம்பரம், எப்படியும் நிரம்பியிருக்கக்கூடிய நாள்களுக்குத் தள்ளுபடி கொடுத்து, காலியாகக் கிடக்கும் நாள்களைத் தொடாமல் விட்டுவிடும். அறைகள் எவ்வளவு நிரம்பின என்பதை வைத்து மட்டும் வெற்றியை அளக்காதீர்கள். 100 அறைகளில் 90 அறைகள் தலா 100-க்கு விற்றால், இருக்கும் அறை ஒன்றுக்கு வருவாய் 90; 75 அறைகள் தலா 130-க்கு விற்றால் 97.5. இரண்டாவதில் சுத்தம் செய்ய வேண்டிய அறைகளும் 15 குறைவு. ஆகவே, தொழிற்பயிற்சிக்கு நேரடியாக விளம்பரப் பிரிவைக் கேட்காமல் முன்பதிவுப் பிரிவைக் கேளுங்கள். புள்ளியியலையும் விரிதாளையும் விருப்பப் பாடமாக நினைக்காதீர்கள்.

பதில் 3 (இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்)

பழைய கோட்பாடுகளைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றை முடிந்த முடிவுகளாகப் படிக்கக் கூடாது என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொட்டுணர முடியாமை, பிரிக்க முடியாமை, ஒரே சீராக இல்லாமை, சேமித்து வைக்க முடியாமை என்ற நான்கு பண்புகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். இவை எல்லாச் சேவைகளுக்கும் பொருந்துவதில்லை என்று லவ்லாக், கும்மெசன் இருவரும் 2004-இல் எடுத்துக்காட்டி, உரிமை கைமாறாமல் பயன்பாடு மட்டும் கிடைப்பதைச் சேவையின் அடையாளமாகக் கொள்ளலாம் என்றனர். ஹோட்டல் அறைக்கும் விமான இருக்கைக்கும் இந்தப் பார்வை அழகாகப் பொருந்துகிறது.

அளவீட்டிலும் இப்படித்தான். 1988-இல் வந்த, சேவைத் தரத்தை அளக்கும் செர்வ்க்வால் என்ற அளவுகோல், 22 கூற்றுகளுக்கு எதிர்பார்ப்பையும் அனுபவத்தையும் தனித்தனியே கேட்டுக் கழித்துப் பார்க்கிறது. அனுபவத்தை மட்டும் கேட்டால் போதும் என்று குரோனின், டெய்லர் 1992-இல் வாதிட்டார்கள். தங்கி முடித்த விருந்தினரிடம், வருவதற்கு முன் என்ன எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டுப் பெறும் விடையை நம்புவது கடினம் என்பதால் நான் இவர்கள் பக்கம் நிற்கிறேன். இணைய விமர்சனங்கள் வந்துவிட்டதால் வினாநிரல் தேவையில்லை என்பாரும் உண்டு. ஆனால் மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் நொந்தவர்களுமே அதிகம் எழுதுகிறார்கள். இடையில் இருக்கும் பெரும்பான்மை அங்கே பேசுவதில்லை.

ஆய்வுத் தலைப்புக்கு ஒரு பரிந்துரை. ஆர்லி ஹோக்ஷில்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய உணர்வுழைப்பு என்னும் கருத்தைத் தேடிப் படியுங்கள். புன்னகையும் பொறுமையும் சம்பளத்துக்கு விற்கப்படும்போது அதைத் தருபவருக்கு என்ன நேர்கிறது என்பதை, இளநிலை மாணவர்களின் ஆய்வுகள் மிகக் குறைவாகவே தொடுகின்றன. வாடிக்கையாளர் திருப்தியை அளக்க நூறு பேர் இருக்கிறார்கள். பணியாளரிடம் கேட்பவர்கள் குறைவு.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்பதிவுப் பிரிவையே கேட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் பயிற்சி மாணவர்களுக்கு அங்கே தரவு உள்ளிடும் வேலை மட்டுமே கிடைக்கும் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் நான் எதைக் கவனித்துக் கற்றுக்கொள்வது?

பதில் 2 (தொடர்ச்சி)

தரவு உள்ளிடும் வேலை கிடைத்தால் மகிழுங்கள். பார்க்க வேண்டியது அனைத்தும் அதில்தான் ஓடுகிறது. வருகைக்கு எத்தனை நாள் முன்பாகப் பதிவு வருகிறது, எந்த வழியாக வருகிறது, எவ்வளவு ரத்தாகிறது, சொல்லாமலேயே எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்ற நான்கையும் வாரநாள் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வழி மாறும்போது ரத்தாகும் விகிதம் எப்படி மாறுகிறது என்பதே சுவையான இடம். பயண இணையதளம் வழியாக வரும் பதிவுக்குத் தரகு உண்டு. ரத்து விதி தளர்வாக இருந்தால் அறையும் கடைசி நேரத்தில் திரும்பி வரும். ஆகவே, ஒரே விலைக்கு விற்ற இரு அறைகள் ஒரே வருவாயைத் தருவதில்லை. மேலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, விருந்தினர்களின் பெயரோ தொடர்பு விவரமோ இல்லாத எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரு வாரங்களுக்கு எத்தனை அறைகள் நிரம்பும் என்று நீங்களே ஒரு கணிப்பை எழுதி, உண்மை நிலவரத்துடன் ஒப்பிட்டு, பிசகிய நாள்களுக்கு மட்டும் காரணத்தை வருவாய் மேலாளரிடம் கேளுங்கள். அப்படி ஒரு தாளுடன் வரும் பயிற்சி மாணவருக்கு யாரும் நேரம் ஒதுக்குவார்கள்.