காங்கேயம் பக்கம் பழைய சாளை (தோட்டத்து வீடு): ஓடு, சுண்ணாம்பு வேலைக்கு உதவி வேண்டும்

வணக்கம்ங்க. காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையையும், மாடு கட்டும் கட்டுத்தரை, தீவனக் கொட்டகையையும் இடிக்காமல் சரிசெய்ய ஆசைப்படுகிறோம். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. இடையில் சிமெண்ட் பூசிய இடங்களில் மட்டும் ஈரம் வெளியேற வழியில்லாமல் காரை பொலபொலவென்று உதிர்கிறது. அதை உரித்துவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் ஈரோடு, திருப்பூர் பக்கம் யாராவது இருக்கிறார்களா?

அப்புறம் கட்டுத்தரைக் கூரை. ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனங்கைகள் சிலவற்றைக் கரையான் அரித்துவிட்டது. வைரம் பாய்ந்த பனங்கை எங்கே கிடைக்கும்? ஓடுகளில் ‘பாசல் மிஷன், 1865’ என்று முத்திரை இருக்கிறது. அது அந்த மிஷனின் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, எங்கள் வீட்டின் வயது இல்லை. உங்கள் ஊரில் பழைய வீடு இடித்தால் சொல்லுங்கள், அதே அளவு ஓடுகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்.

சிலர் தகரம் போடச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் மாடுகள் அதன் கீழே எப்படி நிற்கும்? எனக்கு மனசே வரவில்லை. ஐப்பசி மழைக்குள் கூரையையாவது முடிக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கேயே எழுதுங்கள்.