ஜப்பானிய மொழி: தமிழெழுத்தில் எடுத்த குறிப்புகள் குழப்புகின்றன, கோடை விடுமுறைப் பயணத்துக்கும் ஆலோசனை தேவை

கேள்வி (மதுரை, பள்ளி ஆசிரியை)

வணக்கம். வரும் கோடை விடுமுறையில் என் மாமியாரையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போக எண்ணி, நான்கு மாதங்களாக ஒரு செயலியின் உதவியோடு நானாகவே ஜப்பானிய மொழி படித்து வருகிறேன். எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பேச்சு வரட்டும் என்று நினைத்து, காதில் விழுந்த சொற்களையெல்லாம் தமிழெழுத்திலேயே நோட்டில் எழுதி வைத்தேன். அதுவே இப்போது சிக்கலாகிவிட்டது. சாவிக்கும் ‘ககி’, பெர்சிமன் பழத்துக்கும் ‘ககி’. வானிலைக்கும் ‘தென்கி’, மின்சாரத்துக்கும் ‘தென்கி’. சென்ற வாரம் இணையவழிப் பேச்சுப் பயிற்சியில் விடுதி அறையின் சாவியைக் கேட்க முயன்றேன். பயிற்றுநர் சற்றே யோசித்துவிட்டு, கத்தியால் பழத்தைத் தோல் சீவுவதுபோல் கையால் காட்டி, இதுவா என்று கேட்டார். நான்கு மாத உழைப்பும் வீணோ என்று மனம் சோர்ந்துவிட்டது.

பயணத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். ஏப்ரல் 28 முதல் மே 8 வரை, டோக்கியோவில் சில நாள், பிறகு கியோட்டோ, நாரா, ஒசாகாவிலிருந்து திரும்புதல் என்று திட்டம். ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கலாமா? மாமியார் முட்டைகூடச் சாப்பிடாத சைவர்.

பதில் (சென்னை, ஜப்பானிய மொழி கற்பிப்பவர்)

உங்கள் உழைப்பு வீணாகவில்லை, அம்மா. தவறு உங்கள் காதிலும் இல்லை, நாவிலும் இல்லை, நோட்டில்தான் இருக்கிறது. தமிழில் ஒரே ககரம் ‘கடல்’ என்பதில் ஒரு விதமாகவும், ‘தங்கம்’ என்பதில் வேறு விதமாகவும், ‘பகல்’ என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. எந்த இடத்தில் எந்த ஒலி என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜப்பானிய மொழியிலோ கடலின் ககரமும் தங்கத்தின் ககரமும் பொருளையே மாற்றிவிடும் வெவ்வேறு ஒலிகள். பழத்தின் பெயரில் இரண்டுமே கடலின் ககரம். சாவியில் இரண்டாவது எழுத்து தங்கத்தின் ககரம். வேறுபாட்டைக் காட்டுவதற்காக ஒற்றை இரட்டித்து ‘கக்கி’ என்று எழுதினால் இன்னொரு சிக்கல் வரும். ‘கிதெ’ என்றால் வந்து, ‘கித்தெ’ என்றால் தபால்தலை. அதாவது ஒற்று இரட்டிப்பதும் அங்கே தனியாகப் பொருள் தருவது.

ஆகவே நோட்டை மூடிவிட்டு, ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்துமுறையான ஹிரகானாவை இன்றே தொடங்குங்கள். அடிப்படை எழுத்துகள் 46 மட்டுமே. எழுத்தின் வலது மேல் முனையில் இரண்டு சிறு கோடுகள் இட்டால் கடலின் ககரம் தங்கத்தின் ககரமாக மாறும். தகரத்துக்கும் சகரத்துக்கும் அவ்வாறே. அதன் வரிசையும் உங்களுக்குப் புதிதன்று: உயிரெழுத்துகள் அ, இ, உ, எ, ஒ என்றும், மற்றவை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்றும் செல்லும். அந்த ஹகரம் பழங்காலத்தில் பகரமாக இருந்தது என்பதை அறிந்தால், இது நம் நெடுங்கணக்குக்கு உறவுடையது என்பது விளங்கும். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சென்ற எழுத்துக் கல்வியின் வழியாக வந்த வரிசை இது. குறில் நெடில் வேறுபாட்டையும் நீங்கள் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

இலக்கணத்தில் தமிழைப் பெரிதும் நம்பலாம். ‘சாப்பிட்டு’ என்பது அங்கே ‘தபெதெ’. சாப்பிட்டுப் பார்ப்பதற்குப் பார்த்தல் என்னும் வினையையே சேர்த்து ‘தபெதெ மிரு’ என்பார்கள். செய்து வைப்பதற்கு வைத்தல் என்னும் வினையைச் சேர்த்து ‘ஷிதெ ஒகு’ என்பார்கள். இதை முதன்முதலாகக் கண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

ஹிரகானா முடிந்ததும், பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கதகானாவைப் பழகுங்கள். ‘கன்ஜி’ எனப்படும் சீன எழுத்துகளில் இப்போதைக்கு அறிவிப்புப் பலகையில் வருபவை போதும். சிறு சதுரப் பெட்டி போன்ற ஓர் எழுத்து உண்டு. அதற்கு வாய் என்று பொருள். நுழைவதற்கான பலகையிலும் வெளியேறுவதற்கான பலகையிலும் இரண்டாவது எழுத்தாக அதுவே நிற்கும். நம் ‘வாயில்’ என்ற சொல்லிலும் வாய் இருப்பதை எண்ணிக்கொண்டால் மறக்காது.

பதில் (டோக்கியோவில் பணிபுரிபவர்)

தேதியை மாற்றிவிடுங்கள், சகோதரி. ஏப்ரல் 29, மே 3, 4, 5 ஆகிய நாள்கள் ஜப்பானில் அரசு விடுமுறை. அந்த வாரம் முழுவதும் நாடே பயணத்தில் இருக்கும், விடுதிக் கட்டணம் ஏறும். நொசோமி என்னும் அதிவேக ரயில்களில் அப்போது முன்பதிவில்லாத பெட்டிகளே இருப்பதில்லை. மே இரண்டாம் வாரத்தில் வந்தால் கூட்டம் தணிந்திருக்கும். ஜூனில் தொடங்கும் மழைக்காலமும் வந்திருக்காது. பள்ளி திறப்பதற்குள் நீங்கள் ஊர் திரும்பிவிடலாம்.

ரயில் பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலின் கட்டணம் ஒருவழிக்கு ஏறத்தாழ 14,000 யென். ஒசாகாவிலிருந்தே விமானம் ஏறுவதால் டோக்கியோவுக்குத் திரும்பும் செலவும் இல்லை. மகனுக்குப் பாதிக் கட்டணம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், பெரிய சுமைக்கான இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பதில் (ஒசாகாவில் வசிக்கும் யாழ்ப்பாணத்தவர்)

அக்கா, உணவு பற்றி நான் சொல்கிறேன். இறைச்சியும் மீனும் கண்ணில் படாத உணவிலும் ‘தஷி’ என்னும் சாறு இருக்கும். பெரும்பாலும் அது ‘கட்சுவோ’ என்னும் சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் காயவைத்துச் சீவியதிலிருந்து எடுக்கப்படுவது. எங்கள் ஊர் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. ஊதொன், சோபா என்னும் நூடுல்ஸ் வகைகள், சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் எல்லாவற்றிலும் அதை எதிர்பார்க்கலாம். கொம்பு என்னும் கடற்பாசியில் எடுத்த தஷி என்றால் அம்மாவுக்குத் தடையில்லை. கோயாசான் மலையில் ஐம்பது அளவிலான பௌத்த ஆலயங்கள் விருந்தினரைத் தங்கவைத்துச் ‘ஷோஜின் ர்யோரி’ என்னும் துறவியர் சைவ உணவைப் படைக்கின்றன. ஒசாகாவிலிருந்து அங்கே ஓர் இரவு போய் வாருங்கள்.

மொழி பற்றியும் ஒன்று. ஜப்பானிய மொழியில் ‘கொரெ, சொரெ, அரெ’ என்று மூன்று சுட்டுகள் உண்டு. இந்திய நண்பர்கள் நடுவிலுள்ளதில் தடுமாறுவார்கள். கேட்பவர் பக்கத்தில் இருப்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் இன்றும் ‘உது’ என்றே சொல்கிறோம். இது, உது, அது என்று பழகிவிட்டால் போதும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பயணத்தை மே 10-க்கு மாற்றிவிட்டேன். ஹிரகானாவில் ‘ந’ வரிசை வரை மகனும் நானும் சேர்ந்து எழுதி முடித்துவிட்டோம். உணவகத்தில் ‘கட்சுவோ தஷி வ அரிமஸு க’ என்று கேட்கலாமா?

பதில் (சென்னை, ஜப்பானிய மொழி கற்பிப்பவர்)

அப்படிக் கேட்டால், அந்தத் தஷி உங்களிடம் கிடைக்குமா என்று நீங்கள் விரும்பிக் கேட்பதாக எடுத்துக்கொள்ளக்கூடும். ‘அரிமஸு’ என்பதை எடுத்துவிட்டு ‘ஹைத்தெ இமஸு க’ என்று கேளுங்கள். சேர்ந்து, இருக்கிறதா என்ற இரண்டும் அதே வரிசையில் அதில் இருக்கின்றன. ‘ஹைத்தெ’ என்பதில் ஒற்றை அழுத்திச் சொல்லுங்கள்.