கோ-ஆப் ஆடும்போது அச்சீவ்மென்ட் லிஸ்ட் தேவையா? (முஸ்தபா கேம் தலைமுறைக்கு ஒரு பஞ்சாயத்து)

ஒத்தரூபா ராஜா:

சேர்ந்து ஆடும் கோ-ஆப் கேமில் அச்சீவ்மென்ட் லிஸ்டை (கேம் வைக்கும் சவால்களின் பட்டியல், முடித்தால் ஒரு பதக்கம்) துரத்துவது பற்றி மச்சானோடு எனக்குச் சண்டை. நியாயம் கேட்டு இங்கே வந்திருக்கிறேன்.

போன மாதம் இரண்டு பேரும் கேப்காம் பீட் எம் அப் பண்டில் வாங்கினோம். 2018-இல் வந்த தொகுப்பு. ஃபைனல் ஃபைட்டில் ஆரம்பித்து பேட்டில் சர்க்யூட் வரை கேப்காம் கம்பெனியின் ஏழு பழைய ஆர்கேட் அடிதடி கேம்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு நைட்ஸ் ஆஃப் தி ரவுண்டில் உட்கார்ந்தோம். ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் கீழே கிடக்கும் சாப்பாட்டை வாளால் ஒரு போடு போட்டால் சின்னச் சின்னத் துண்டாகப் பிரியும். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு துண்டு கறிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள் என்று 1991-லேயே யாரோ யோசித்திருக்கிறார். இந்த ஒன்றுக்காகவே அந்த கேமுக்குக் கோயில் கட்டலாம்.

அன்றைக்கு நன்றாகத்தான் போனது. அடுத்த வாரம் மச்சான், ஜோம்பிகளைச் சுட்டுத் தப்பிக்கும் லெஃப்ட் 4 டெட் 2 போடலாம் என்றான். நான்கு பேர் சேர்ந்தோம். டார்க் கார்னிவல் கேம்பெயினில் இரண்டாவது பகுதியில் துப்பாக்கி சுடும் ஸ்டால் ஒன்று வரும். அதில் 750 புள்ளி எடுத்தால் ஒரு தோட்டத்துக் குள்ளப் பொம்மை கிடைக்கும். ஐந்தாவது பகுதியின் கடைசியில் வரும் ஹெலிகாப்டர் வரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அச்சீவ்மென்ட். பொம்மை கையில் இருக்கும்வரை சுட முடியாது. ஆக, நாலு பேரில் ஒருத்தர் எப்போதும் சுமைகூலி. மச்சான் அட்டவணை போட்டுக் கொடுத்தான், எந்தப் பகுதியில் யார் தூக்குவது என்று!

கடைசி மேடையில் நாலாபக்கமும் ஜோம்பிகள். ஹெலிகாப்டர் இறங்கியது. அடித்துப் பிடித்து நாலு பேரும் ஏறிவிட்டோம். பொம்மை மேடையிலேயே கிடந்தது. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. மச்சான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தவன்தான், இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது சொல்லுங்கள். நாலு பேர் உயிரோடு தப்பித்ததைக் கொண்டாடுவதா, ஒரு பொம்மைக்குத் துக்கம் அனுஷ்டிப்பதா? என் கட்சி இதுதான்: கோ-ஆப் கேமைக் கெடுத்ததே இந்த லிஸ்ட்.

பிளாட்டினம் பிரியா:

பொம்மையை விட்டுவிட்டு ஏறியது யார் என்று சொல்லவே இல்லையே அண்ணா.

சரி, அது கிடக்கட்டும். அந்தப் பண்டிலில் ஃபைனல் ஃபைட்டை முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? எத்தனை கன்டினியூ?

ஒத்தரூபா ராஜா:

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கன்டினியூவை யார் எண்ணினார்கள்? பட்டனை அழுத்தினால் காயின் விழுந்துகொண்டே இருக்கிறது.

பிளாட்டினம் பிரியா:

இதைத்தான் எதிர்பார்த்தேன். நீங்கள் ஃபைனல் ஃபைட் ஆடவில்லை, ஃபைனல் ஃபைட் ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்.

அந்தக் கால ஆர்கேட் கேம் ஒவ்வொன்றும் காசு பிடுங்கக் கட்டியது. செத்தால் அதே இடத்தில் எழுந்து நிற்கலாம், இன்னொரு காயின் போட்டால். பையில் காசு இல்லாததால்தான் நாம் ஆடவே கற்றுக்கொண்டோம். தொகுப்பில் காயினுக்கு விலை இல்லை. பயமும் இல்லை. அப்புறம் எதற்கு பாஸ் எப்படி அடிக்கிறான் என்று கவனிக்க வேண்டும்? நின்ஜா டர்ட்டில்ஸ் பழைய கேம்களின் தொகுப்பான கவாபங்கா கலெக்‌ஷனில் இன்னும் ஒரு படி மேலே போய் ரீவைண்ட் பட்டனே வைத்தார்கள். அடி வாங்கினால் காலத்தையே பின்னால் இழுத்துக்கொள்ளலாம்.

நான் ஃபைனல் ஃபைட்டை ஒரே காயினில் முடிப்பது என்று நேர்த்திக்கடன் மாதிரி எடுத்துக்கொண்டு மூன்று மாதம் ஆடினேன். அப்போதுதான் அதில் வரும் கோடி என்ற ஆளின் அந்தத் தந்திரமே பிடிபட்டது. இரண்டு குத்து விட்டதும் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பிக் காற்றில் ஒரு குத்து, மறுபடி திரும்பி இரண்டு குத்து. காம்போ முடியாது, எதிரி விழவும் மாட்டான், சுவரோடு ஒட்டி நின்று வாங்கிக்கொண்டே இருப்பான். கை பழக எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. காயினை அள்ளிப் போட்டு ஆடினால் இந்த ஜென்மத்தில் இது தெரிய வராது.

போன காயின் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது, அதுதான் அச்சீவ்மென்ட். உங்கள் மச்சான் பக்கம்தான் நான்.

எமுலேட்டர் சித்தப்பா:

இரண்டு பேரும் பாக்கியசாலிகள். சண்டை போட கேமாவது கையில் இருக்கிறது.

இந்த இழையின் தலைப்பில் முஸ்தபா கேம் என்று போட்டிருக்கிறீர்களே, அதை எந்தத் தொகுப்பில் ஆடுவீர்கள்? இந்தியாவில் பாதிப் பேருக்கு அதன் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்பதே தெரியாது. நாலு ஆட்களில் ஒருவன் பெயர் முஸ்தபா கெய்ரோ, ஓடி வந்து உதைப்பான், கேமுக்கே அவன் பெயர் ஒட்டிக்கொண்டது. 1993-இல் வந்தது, மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். இன்றுவரை எந்த வீட்டுக் கன்சோலுக்கும் அதிகாரபூர்வமாக வரவில்லை. 1994-இல் சேகா சிடியில் அதே பெயரில் வந்தது வேறு சரக்கு, கார் ஓட்டும் கேம். மூலக்கதை ஓர் அமெரிக்கச் சித்திரக்கதை என்பதால் உரிமை கேப்காமிடம் மட்டும் இல்லை. நம் ஊர் நெட் சென்டர் கம்ப்யூட்டர்களில் ஓடியதெல்லாம் எமுலேட்டர் (ஆர்கேட் மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள்) புண்ணியம்.

நீங்கள் ஊதித்தள்ளிய அந்த ஏழில் ஆர்மர்ட் வாரியர்ஸ், பேட்டில் சர்க்யூட் இரண்டும் 2018-இல்தான் முதல்முறையாக வீட்டுக்கு வந்தன. அவை ஓடிய கேப்காமின் சிபிஎஸ்-2 ஆர்கேட் போர்டில் ஒரு பேட்டரி உண்டு. கேமைப் பூட்டி வைத்த சாவி அந்த பேட்டரியின் தயவில்தான் நிற்கும். பேட்டரி செத்தால் சாவி போச்சு, போர்டு வெறும் தகடு. ஒரு குழுவாகச் சேர்ந்து வேலை செய்த ஆர்வலர்கள் 2007-இல்தான் அந்தப் பூட்டை முழுதாக உடைத்தார்கள். அதனால் ராஜா, அச்சீவ்மென்ட் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் வயிறு நிறைந்தவன் கேள்வி.

ஜாய்ஸ்டிக் ஜமால்:

சித்தப்பா, ரோம் (கேமின் நகல் கோப்பு) இறக்கி ஆடுவது சட்டப்படி தப்பு என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு மாடரேட்டர் வந்து இழையைப் பூட்டுவார், எந்த பேட்டரியும் காப்பாற்றாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ராஜா கட்சி, ஆனால் காரணம் வேறு. பிரியா சொல்லும் ஒரே காயின் சவால் தனி ஆள் விவகாரம். தன் கையோடு தானே போட்டி போடுவது, அதில் யாருக்கு நஷ்டம்? கோ-ஆப்பில் அப்படி இல்லை, என் லிஸ்டுக்கு அடுத்தவன் நேரத்தைச் செலவழிக்கிறேன். ஆன்லைனில் முன்பின் தெரியாத ஒருவன் வருகிறான், நல்ல ஜோடி என்று சந்தோஷப்படுகிறேன், மூன்றாவது ஸ்டேஜில் அச்சீவ்மென்ட் கிடைத்ததென்று மூலையில் அந்தச் சின்னப் பெட்டி மின்னுகிறது, ஆள் காணாமல் போகிறான். வணக்கம் கூடக் கிடையாது. பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவன் கூட இறங்கும்போது ஒரு பார்வை பார்ப்பான்.

இன்னொன்று. பழைய கேம்களில் ஆன்லைன் ஆளோடுதான் திறக்க முடியும் என்று வைத்த டிராபிகள், அதாவது அச்சீவ்மென்ட்கள், இருக்கின்றனவே, சர்வரை மூடிவிட்டால் அவை என்ன ஆகும்? லிஸ்டில் அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஆன்லைன் கேம் கடையை 2024 ஜூலையில் இழுத்து மூடினார்கள். டர்ட்டில்ஸ் ஆர்கேட் 2007-இல் அதில் வந்தது, 2011-லேயே கடையிலிருந்து தூக்கிவிட்டார்கள். அப்போது வாங்காதவனுக்கு அந்த கேமின் 200 அச்சீவ்மென்ட் புள்ளி ஏழு கடல் தாண்டிய கிளிதான்.

பிளாட்டினம் பிரியா:

ஜமால் பாய், பாதியில் ஓடிப்போகிறவன் லிஸ்ட் இல்லாவிட்டாலும் ஓடிப்போவான். அது வளர்ப்பு.

கோ-ஆப்பில் லிஸ்ட் கெடுதல் மட்டும்தான் செய்யும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சுவரில் கதவு மாதிரி போர்ட்டல் போட்டு ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளிவரும் புதிர் கேம் போர்ட்டல் 2. அதில் புரொஃபசர் போர்ட்டல் என்று ஓர் அச்சீவ்மென்ட். கோ-ஆப்பின் முதல் பயிற்சிப் பகுதியை, அதை இதுவரை ஆடாத ஒரு நண்பரோடு ஆன்லைனில் முடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லோரும் ஏற்கெனவே ஆடியவர்கள். மிச்சம் இருந்தது கோயம்புத்தூரில் என் அக்கா. கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லாதவள். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தோம். முதல் அரை மணி நேரம் கூரையைப் பார்த்தபடியே நடந்தாள். என் ரோபோவை இரண்டு முறை அமிலத்தில் தள்ளினாள், ஒருமுறை தெரியாமல், இன்னொரு முறை தெரிந்தே. அவள் போட்ட போர்ட்டலில் நான் குதித்து எதிர்ச்சுவரிலிருந்து பறந்து வந்ததைப் பார்த்ததும் போனில் ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், குழந்தை எழுந்துவிட்டது. அச்சீவ்மென்ட் திறந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதன் பிறகு எட்டு சனிக்கிழமை அவளோடுதான் ஆடினேன். அந்த லிஸ்டில் அப்படி ஒரு வரி இல்லாமல் இருந்தால் அக்காவைக் கூப்பிட்டிருப்பேனா? மாட்டேன்.

அப்புறம் இது ஏதோ 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கொண்டுவந்த வியாதி என்று நினைக்காதீர்கள். 1982-இல் பிட்ஃபால் ஆடி 20,000 புள்ளி எடுத்தவர்கள் டிவி திரையைப் போட்டோ எடுத்து ஆக்டிவிஷனுக்குத் தபாலில் அனுப்பினார்கள். பதிலுக்குச் சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணி பேட்ஜ் வந்தது.

ஒத்தரூபா ராஜா:

துணி பேட்ஜ் என்றால் நானே ஓடியிருப்பேன், அது கையில் பிடிக்கலாமே.

அக்கா கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் வீடியோ கேம் கடையில் லிஸ்ட் என்று ஒன்று கிடையாது, அதற்காகச் சவால் இல்லாமலா போய்விட்டது? ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். அடுத்த ஆட்டம் தன்னுடையது என்று சொல்வதற்காக டோக்கனைத் திரைக்குக் கீழே பலகையில் வைத்துவிட்டு ஒருவன் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு அடிக்கும் அவன்தான் நடுவர். மூன்று பேர் முஸ்தபா ஆடினால் வாய்மொழிச் சட்டம் ஒன்று உண்டு: சாகக் கிடக்கிறவனுக்குத்தான் சாப்பாடு. மீறினால் அடுத்த நாள் பள்ளிக்கூடம் வரைக்கும் வழக்கு போகும். இதை எந்தக் கம்பெனி லிஸ்ட் போட்டுக் கொடுத்தது? ஹை ஸ்கோரில் மூன்று எழுத்து போட்டுவிட்டு ராஜாவாக வீட்டுக்குப் போவோம். ராத்திரி கடைக்காரர் மெயினை அணைத்ததும் எல்லாம் அழிந்துவிடும். காலையில் மறுபடி எல்லோரும் பூஜ்யம். அழிந்ததால்தான் ருசி.

இப்போது எதுவும் அழிவதில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மொக்கை கேமில் நான் 4 சதவீதத்தோடு ஓடிப்போனது என் பக்கத்தில் இன்னும் தொங்குகிறது.

எமுலேட்டர் சித்தப்பா:

நீங்கள் இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறீர்கள் என்று சமாதானம் பேச வரவில்லை, ஒன்றைச் சொல்லவில்லை. ராஜாவின் சட்டத்தைப் போட்டது கூட ஆடியவர்கள். பிரியாவின் சட்டத்தைப் போட்டது கேம் செய்தவர்கள். இடையில் மூன்றாவது வகை உண்டு. ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் தளத்தில் பழைய கேம்களுக்கு லிஸ்ட் எழுதுவது ரசிகர்கள். ஹார்ட்கோர் முறையில் நினைத்த இடத்தில் சேமிக்கும் சேவ் ஸ்டேட், ரீவைண்ட், சீட் எதுவும் கிடையாது. கேமை நூறு முறை முடித்த ஒருவர், எந்த இடத்தில் நாம் ஏமாற்றுவோம் என்று தெரிந்து வைத்த கொக்கி அது. சில லிஸ்ட் சுத்த வதை, சிலது அந்தக் கடையில் தோளுக்குப் பின்னால் நின்ற ஆளே எழுதிய மாதிரி இருக்கும்.

ஜமாலுக்கு: கேப்காமின் பனிஷர் ஆர்கேட் 1993-இல் வந்தது. முறையான மறுவெளியீட்டுக்கு 2024 வரை காத்திருந்தோம், மார்வெல் சண்டைத் தொகுப்பில் ஓரமாக வந்து சேர்ந்தது. முஸ்தபாவும் ஒருநாள் வருவான். வரும்போது முதல் ஆளாகக் காசு கொடுத்து வாங்குவேன். ரசீதை இங்கேயே ஒட்டுகிறேன்.

ஜாய்ஸ்டிக் ஜமால்:

அதுவரை?

எமுலேட்டர் சித்தப்பா:

அதுவரை தூங்கப் போகிறேன்.

பிளாட்டினம் பிரியா:

ராஜா அண்ணா, ஒரு பேரம். ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கூப்பிடுங்கள். அதே நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட். ஆளுக்கு மூன்று காயின், எண்ணி மூன்று, அதற்கு மேல் பட்டனைத் தொடக்கூடாது. கறியை வெட்டித்தான் சாப்பிட வேண்டும். எதுவரை போனீர்கள் என்று இங்கே எழுதுங்கள். எந்தப் பெட்டியும் மின்னாது, போதுமா?

ஒத்தரூபா ராஜா:

போதும். ஆனால் அவன் பேசினால்தானே கூப்பிட?

குள்ளப்பொம்மை காவலன்:

வணக்கம். இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன். அந்த மச்சான் நான்தான்.

அட்டவணைப்படி ஐந்தாவது பகுதியில் பொம்மை மாமா பொறுப்பு. ஹெலிகாப்டர் வந்ததும் பொம்மையைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்து, முதல் ஆளாக ஏறியதும் மாமாதான். வீடியோ என்னிடம் இருக்கிறது.

ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறேன். கறியை நான் வெட்டுகிறேன்.